ஒரு மைக்ரான் மீது ஓடும் ரயில்

எக்ஸ்பிரஸ் நிற்காத சிறு ரயில் நிலையங்களில் தினமும் நடக்கும் காட்சி இது. வண்டி வரும் நேரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் அறையை விட்டு வெளியே வந்து பச்சைக் கொடியுடன் நிற்பார். தண்டவாளத்துக்கு அந்தப் புறம் பாயின்ட்ஸ்மேன் இன்னொரு கொடியுடன் நிற்பார. இன்ஜினிலிருந்து ஒரு கொடியும், கடைசிப் பெட்டியிலிருந்து கார்டின் கொடியும் பதிலுக்கு அசையும். (2022 முதல் கார்டுக்குப் பெயர் டிரெயின் மேனேஜர்.) ஜன்னலோரப் பயணிக்கு இது ஏதோ சம்பிரதாயம் போலத் தோன்றும். உண்மையில் இது ஒரு பரிசோதனை. தொங்கிக்கொண்டிருக்கும் இரும்பு, சரிந்த சரக்கு, பிரேக் விடாமல் தேய்ந்துகொண்டு வரும் சக்கரம் என்று தேடுவதற்குப் பல விஷயங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானது, ரயில்வே ஊழியர்கள் 'ஹாட் ஆக்ஸில்' என்று சொல்லும் கொதிக்கும் அச்சு. சக்கரத்தின் அச்சு முனையில் உள்ள பெட்டியிலிருந்து புகையோ, கருகிய வாடையோ, இரவில் ஒரு சிவப்புக் கனலோ தெரிந்தால் கொடி சிவப்பாகிவிடும். வண்டி நிறுத்தப்படும்.

அப்படி யாரும் நிறுத்தாத ஒரு வண்டியின் கதை உலகம் முழுவதும் தெரிந்தது. 2023 பிப்ரவரி 3ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் ஓஹயோ மாநிலத்தில் 149 பெட்டிகள் கொண்ட சரக்கு ரயில் ஒன்று கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் மணிகளை ஏற்றிய 23ஆவது பெட்டியில் ஒரு பேரிங் சூடாகத் தொடங்கியது. பாதையோரத்தில் வெப்பம் அறியும் கருவிகள் இருந்தன. முதல் கருவி, அந்த பேரிங் சுற்றுப்புறத்தைவிட 38 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகச் சூட்டில் இருப்பதாகப் பதிவு செய்தது. சுமார் 17 கிலோமீட்டர் தள்ளி இரண்டாவது கருவி 103 டிகிரி என்றது. அதற்கும் மேல் 31 கிலோமீட்டர் போனபின் மூன்றாவது கருவி காட்டியது 253 டிகிரி. வண்டியை உடனே நிறுத்தச் சொல்லும் எல்லை 200. எச்சரிக்கை மணி அடித்தது, டிரைவர் பிரேக் போட்டார், ஆனால் அதற்குள் அச்சு முறிந்துவிட்டது. ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சிற்றூரின் ஓரத்தில் 38 பெட்டிகள் தடம் புரண்டன. மூன்று நாள் கழித்து, வினைல் குளோரைடு இருந்த ஐந்து டேங்கர்களை அதிகாரிகளே திறந்துவிட்டு எரித்தார்கள். கரும்புகை ஊருக்கு மேல் எழுந்த படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அப்படி எரித்திருக்கவே வேண்டியதில்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பிறகு சொன்னது வேறு கதை.

முதல் கருவிக்கும் மூன்றாவது கருவிக்கும் இடையிலான 48 கிலோமீட்டரில் அந்த பேரிங்குக்குள் என்ன நடந்தது? அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், ஒழுங்காக ஓடும் பேரிங்குக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அங்கே நடப்பது கிட்டத்தட்ட அதிசயம்.

ரயில் பெட்டியின் முழுப் பாரமும் அச்சு முனைகளில் உட்கார்ந்திருக்கிறது. உள்வளையம் ஒன்று, வெளிவளையம் ஒன்று, நடுவே வரிசையாக எஃகு உருளைகள். சக்கரம் சுற்றும்போது உருளைகளும் உருளும். 'உருளுவதால்தான் தேய்மானம் இல்லை' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பது பாதி உண்மைதான். எஃகு நேரடியாக எஃகின் மீது உருண்டாலும் சீக்கிரமே சொரசொரப்பாகிப் பொரிந்து போகும். இரண்டையும் பிரித்து வைப்பது ஓர் எண்ணெய்ப் படலம். அதன் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். பத்து டன்னுக்கு மேல் சுமக்கும் பேரிங்கில், உலோகமும் உலோகமும் தொடாமல் காப்பது முடியிழையில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத எண்ணெய்.

எண்ணெய் வழுக்குவதால் உராய்வு குறைகிறது என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் நினைத்தார்கள். அது அதைவிடப் பெரிய வேலை செய்கிறது என்று தெரிய வந்ததே ஒரு தற்செயல். 1883இல் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவை அந்தக் காலத்து பேரிங்குகள். உருளை கிடையாது, சுழலும் அச்சின் மேல் கவிழ்த்த அரைவட்ட உலோகக் கவசம் மட்டும்தான். எண்ணெய் ஊற்றுவதற்காகக் கவசத்தின் உச்சியில் ஒரு துளை போட்டார். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் எண்ணெய் உள்ளே போகவில்லை. துளை வழியாக மேலே பொங்கி வந்தது. ஒழுகுகிறதே என்று கார்க் வைத்து அடைத்தார். கார்க் வெளியே வந்தது. மரத்தக்கை அடித்தார். அதுவும் மெல்ல மெல்ல வெளியே வந்தது. கடைசியில் அழுத்தமானியைப் பொருத்தினார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டக்கூடிய கருவி. முள் அந்த எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. பேரிங்கின் மீது வைத்திருந்த பாரமோ சராசரியாக சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான்.

அதாவது, அச்சு எண்ணெயின் மேல் மிதந்துகொண்டிருந்தது. அந்த எண்ணெயை அழுத்தத்துடன் உள்ளே செலுத்த எந்த பம்ப்பும் இல்லை. சுழலும் அச்சே பம்ப்பாக வேலை செய்திருந்தது. மூன்று வருடம் கழித்து, 1886இல், ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். சுற்றும் அச்சு தன்னோடு ஒட்டிய எண்ணெயை இழுத்துக்கொண்டு போகிறது. போகப்போக இடைவெளி ஆப்பு போலக் குறுகுகிறது. குறுகிய இடத்துக்குள் திணிக்கப்பட்ட எண்ணெய்க்கு வேறு வழியில்லை, அழுத்தம் ஏறுகிறது, அச்சைத் தூக்கிப் பிடிக்கிறது. இன்றுவரை இத்துறையின் எல்லாக் கணக்குகளும் ரெனால்ட்ஸின் சமன்பாட்டிலிருந்துதான் புறப்படுகின்றன.

ஆனால் உருளும் பொருட்களுக்கு இந்தச் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தபோது விடை சொதப்பியது. டவரின் கவசம் அச்சை அகலமாகத் தழுவியிருந்தது. பல்சக்கரத்தின் பற்களோ, உருளையும் வளையமுமோ அப்படித் தழுவுவதில்லை. ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் முட்டிக்கொள்கின்றன. பாரம் முழுவதும் அந்தக் கோட்டின் மேல். 1916இல் மார்ட்டின் என்பவர் பல்சக்கரங்களுக்குக் கணக்குப் போட்டார். விடையாக வந்த படலத்தின் தடிமன், உலோகப் பரப்பின் மேடுபள்ளத்தைவிட மிகக் குறைவாக இருந்தது. அப்படியானால் எண்ணெய் எதையும் பிரித்து வைக்க முடியாது, பற்கள் உரசித் தேய்ந்தே ஆக வேண்டும். ஆனால் நடைமுறையில் நல்ல பல்சக்கரங்கள் வருடக்கணக்கில் தேயாமல் ஓடின. கணக்கு ஒன்று சொன்னது, தொழிற்சாலை வேறொன்று சொன்னது. கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு இந்த முரண்பாடு அப்படியே கிடந்தது.

விடுபட்டவை இரண்டு. ஒன்று, அழுத்தம் ஏறினால் எண்ணெய் கெட்டியாகும். உருளைக்கும் வளையத்துக்கும் இடையே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குப் பத்து டன், இருபது டன் என்று போகிறது. உலகத்திலேயே ஆழமான கடல் பள்ளத்தின் அடியில் இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அந்த நெருக்குதலில் எண்ணெயின் பாகுத்தன்மை ஆயிரக்கணக்கான மடங்கு, லட்சக்கணக்கான மடங்கு உயர்கிறது. விரலில் வழியும் எண்ணெய் அந்த இடத்தில் ஏறக்குறைய இறுகிய பிசின். பிதுங்கி வெளியேற நினைத்தாலும் அதற்கு நேரமில்லை. ஆயிரத்தில் ஒரு விநாடிக்குள் உருளை அதைக் கடந்து போய்விடுகிறது, எண்ணெய் மறுபடி எண்ணெயாகிவிடுகிறது. இரண்டு, எஃகும் வளையும். கடினமான எஃகு உருளைகூட அந்த இடத்தில் ரப்பர் பந்து போல இம்மியளவு தட்டையாகிறது. கோடாக இருந்த தொடுகை ஒரு குறுகிய பட்டையாகிறது. பாரம் பரவுகிறது.

இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு முதலில் விடை கண்டவர் சோவியத் ஒன்றியத்தில் பணியாற்றிய எர்ட்டல். காலம் 1930களின் இறுதி. ஆனால் 1949இல் அந்த விடை வெளியானபோது அதன் மீது இருந்த பெயர் குரூபின். போருக்குப் பின் எர்ட்டல் ஜெர்மனியில் தங்கிவிட்டார். உலகம் முழுவதும் மாணவர்கள் அதை 'குரூபின் தீர்வு' என்றே படித்துத் தேர்வு எழுதினார்கள். 1985இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி கேமரூன், இது எர்ட்டலின் வேலை என்று ஆய்வுக் கட்டுரை எழுதித் தவறைத் திருத்தினார். கட்டுரையின் தலைப்பிலேயே நாற்பதாண்டுத் தவறு என்று குறிப்பிட்டிருந்தார். உராய்வைக் குறைக்கும் விஞ்ஞானத்திலும் உரசல்களுக்குப் பஞ்சமில்லை.

அதே கேமரூன்தான் கோஹர் என்பவருடன் சேர்ந்து 1963இல் இந்தப் படலத்தைக் கண்ணால் காட்டினார். எஃகுக் குண்டைக் கண்ணாடித் தகட்டின் மேல் எண்ணெயோடு ஓடவிட்டு, கண்ணாடி வழியாக மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். மழை நாளில் சாலையில் சிந்திய எண்ணெயில் வானவில் வண்ணங்கள் தெரியுமே, அதே வண்ணங்கள். ஒவ்வொரு நிறமும் ஒரு தடிமனைச் சொன்னது. நடுவில் தட்டையான ஒரு வட்டம், அதன் பின்விளிம்பில் குதிரை லாடம் போல இன்னும் ஒடுங்கிய ஒரு வளைவு. கணக்கு சொன்ன வடிவம் அப்படியே கண்முன் இருந்தது.

அந்தக் கணக்கை முழுமையாக்கியவர்கள் பிரிட்டனின் டௌசனும் ஹிக்கின்சனும். 1959இலிருந்து அவர்கள் வெளியிட்ட சூத்திரங்களில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் படலம் சுமார் 60 சதவிகிதம் தடிக்கிறது. பாரத்தை இரண்டு மடங்காக்கினால்? ஒன்பது சதவிகிதம்தான் மெலிகிறது. சுமையைப் பற்றி எண்ணெய்ப் படலம் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. கூடுதலாக அழுத்தினால் எஃகு கொஞ்சம் அகலமாகத் தட்டையாகிறது, எண்ணெய் இன்னும் கொஞ்சம் இறுகுகிறது, அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் ஒரு ரயில்வே அதிகாரிக்கு ஆசை வரலாம். சும்மா ஏற்று, படலம் தாங்கும் என்று. இந்தியாவில் 2005 வாக்கில் சரக்குப் பெட்டிகளில் கூடுதல் சுமை ஏற்ற அனுமதித்தபோது, அச்சுக்கு 20.3 டன் என்றிருந்த வரம்பு சில பாதைகளில் 22.8 டன்னாக உயர்ந்தது. வருமானம் பெருகியது. அப்போது பேச்சு பெரும்பாலும் தண்டவாளத்தைப் பற்றியே இருந்தது. டௌசன் சூத்திரத்தின்படி இந்தக் கூடுதல் சுமையால் எண்ணெய்ப் படலம் மெலிவது ஒன்றரை சதவிகிதம்கூட இருக்காது. ஆனால் படலத்துக்கு அடியில் இருக்கும் எஃகு வேறு கணக்கு வைத்திருக்கிறது. உருளை ஒவ்வொரு முறை கடக்கும்போதும் பரப்புக்குச் சற்றுக் கீழே எஃகு ஒருமுறை நெரிபடுகிறது. கோடிக்கணக்கான முறை நெரிபட்டபின் உள்ளே ஒரு நுண்விரிசல், பிறகு ஒரு செதில் உதிர்வு. உருளை பேரிங்கில் பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பத்தில் ஒன்றாகிவிடும் என்பது இத்தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வாய்பாடு. அதே வாய்பாட்டை 20.3இலிருந்து 22.8க்குப் போட்டால், கணக்கின்படியான ஆயுளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பேரிங்குகளைத் தேர்ந்தெடுக்கும்போதே தாராளமாக இடம் விட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே மறுநாளே எதுவும் உடைந்து விழவில்லை. ஆனால் விலை இல்லாமல் எதுவும் கிடைக்கவில்லை. பிரித்துப் பார்த்துப் பரிசோதிக்கும் பட்டறைகளின் கையில்தான் அந்த விலை போய்ச் சேர்கிறது.

படலத்தின் உண்மையான எதிரிகள் வேறு. முதல் எதிரி, நின்றுகொண்டிருப்பது. சுற்றினால்தான் எண்ணெய் இழுபடும். வண்டி நின்றதும் படலம் பிதுங்கிப் போகிறது, உருளை வளையத்தின் மேல் நேரடியாக உட்கார்ந்துவிடுகிறது. 1930களில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து புத்தம் புதுக் கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத அந்தக் கார்களின் சக்கர பேரிங்குகளில் வரிசையாகப் பள்ளங்கள். காரணம், ரயிலின் அதிர்வு. சக்கரம் சுற்றவில்லை. ஆனால் இருந்த இடத்திலேயே இம்மி இம்மியாக ஆடிக்கொண்டே வந்தது. எண்ணெய் ஒதுங்கியது, திரும்பி வரவில்லை. ஆயிரம் மைல் ஓடியிருந்தால் வந்திருக்காத சேதம், ஆயிரம் மைல் சும்மா நின்று வந்ததால் வந்தது.

இரண்டாவது எதிரி அழுக்கு. அரை மைக்ரான் படலத்துக்குள் ஐந்து மைக்ரான் மணல் துகள் நுழைந்தால் அது பாறாங்கல். உருளை அதன் மேல் ஏறி வளையத்தில் ஒரு குழி பதிக்கிறது. குழியின் விளிம்பு படலத்தைக் கிழிக்கிறது. அந்த இடத்திலிருந்துதான் செதில் உதிரத் தொடங்குகிறது. தண்ணீரும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத அளவு ஈரம் கலந்தாலே பேரிங்கின் ஆயுள் கணிசமாகக் குறைகிறது. ராஜஸ்தானின் புழுதியையும் கொங்கணத்தின் மழையையும் ஒரே வாரத்தில் கடக்கும் சரக்குப் பெட்டிக்கு, அச்சுப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் சீல் எத்தனை முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது எதிரியும் கடைசி எதிரியும் சூடு. சாதாரண இயந்திர எண்ணெய் ஒன்று 40 டிகிரி செல்ஷியஸில் இருக்கும் பாகுத்தன்மையில் ஒன்பதில் ஒரு பங்கைத்தான் 100 டிகிரியில் வைத்திருக்கிறது. படலமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். மெலிந்த படலத்தைக் கிழித்துக்கொண்டு உலோக முனைகள் தொடத் தொடங்கும். தொட்டால் உராய்வு, உராய்ந்தால் மேலும் சூடு, சூடானால் படலம் இன்னும் மெலியும். ஓஹயோவில் 38, 103, 253 என்று ஏறியது இந்தச் சக்கரத்தின் சுற்றுகள்தான். முதல் சுற்றுகள் மெதுவாகப் போகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு நிமிடங்கள்தான் கணக்கு.

சூடு வருகிறதே என்று பயந்து கிரீஸை அள்ளித் திணிப்பதும் தப்பு. ஆலைகளில் இன்றும் இது நடக்கிறது. சீல் வழியாகப் பிதுங்கும் வரை கிரீஸ் பம்ப்பை அமுக்கிவிட்டுத் திருப்தியோடு போவார்கள். உள்ளே காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கிரீஸ் இருந்தால் போதும். நிறைத்துவிட்டால் உருளைகள் அதைக் கடைந்துகொண்டே இருக்கும். கடைவதற்குச் செலவாகும் சக்தி முழுவதும் சூடாக மாறும். கிரீஸ் என்பதே எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும் ஒரு பஞ்சு மாதிரிதான். பஞ்சு என்பது உலோக சோப்பின் நார்கள். அதிலிருந்து கசியும் எண்ணெய்தான் உண்மையில் படலத்தை உண்டாக்குகிறது.

இந்த சோப்பில் இந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு. உலகத்தில் மிக அதிகமாகப் பயன்படும் கிரீஸ், லித்தியம் சோப்பு கலந்தது. அந்த சோப்பைத் தயாரிக்கத் தேவையான கொழுப்பு அமிலம் ஆமணக்கு எண்ணெயிலிருந்து வருகிறது. ஆமணக்கு விளைச்சலில் உலகத்திலேயே முதலிடம் இந்தியாவுக்கு, இந்தியாவில் முதலிடம் குஜராத்துக்கு. நம் ஊர் மாட்டு வண்டியின் அச்சுக்கு விளக்கெண்ணெய் போட்ட கைகள் சரியான சரக்கைத்தான் தேர்ந்தெடுத்திருந்தன. இன்று அதே விளக்கெண்ணெய் கப்பலேறிப் போய், அமிலமாகி, சோப்பாகி, டப்பாவில் அடைபட்டு, வெளிநாட்டுப் பெயரோடு திரும்பி வருவதும் உண்டு.

உருளை பேரிங் வந்ததால் ரயில் பெற்ற லாபம் சாதாரணமல்ல. 1930இல் அமெரிக்காவில் டிம்கன் நிறுவனம் எல்லா அச்சுகளிலும் உருளை பேரிங் பொருத்திய ஒரு ராட்சத நீராவி இன்ஜினை ஊர் ஊராக ஓட்டிக் காட்டியது. சில பெண் ஊழியர்கள் மட்டும் சேர்ந்து அதைக் கயிறு கட்டி இழுத்துக் காட்டியது பெரிய விளம்பரமாயிற்று. பழைய பேரிங்குகளும் ஓட ஆரம்பித்த பிறகு எண்ணெயில் மிதந்தன, ஆனால் புறப்படும்போது முரண்டு பிடித்தன. இதில் ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். பேரிங்கிலிருந்து அரை மீட்டர் கீழே, சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்தில், இதே எண்ணெய் ஒரு சொட்டு சிந்தினால் அது ஆபத்து. அங்கே ஒரு சிறு நாணயம் அளவு இடத்தில் கிடைக்கும் பிடிமானத்தால்தான் இன்ஜின் முழு வண்டியையும் இழுக்கிறது. ஏற்றத்தில் சக்கரம் வழுக்கினால் டிரைவர் மணலைத் தூவுகிறார். ஒரே சக்கரத்தின் நடுவில் உராய்வை விரட்டவும் விளிம்பில் உராய்வை வரவழைக்கவும் செலவு செய்யும் தொழில் ரயில்வே.

லாபத்தோடு ஒரு நஷ்டமும் வந்தது. அதுதான் ஸ்டேஷன் மாஸ்டரின் கொடியோடு சம்பந்தப்பட்டது. 1979 நவம்பர் 10ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கனடாவின் மிசிசாகா நகரில் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டது. எண்ணெய் வற்றிப்போன பழைய வகை பேரிங் ஒன்று கொதித்து, அச்சு முறிந்து, 24 பெட்டிகள் சரிந்தன. குளோரின் டேங்கர் ஒன்று ஓட்டையானதால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளைக் காலி செய்தார்கள். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. இந்த மாதிரி விபத்துகள் பழைய பேரிங்குகளை ஒழித்துக்கட்டுவதற்கு வலுவான வாதமாயின. ஒழித்தார்கள். ஹாட் ஆக்ஸில்கள் பெருமளவு குறைந்தன. ஆனால் பழைய பேரிங் கெடும்போது புகைந்து, நாறி, ஊரைக் கூட்டிவிட்டுத்தான் கெடும். சீல் வைத்து மூடிய உருளை பேரிங் கடைசி நேரம் வரை வாய் திறப்பதில்லை. திறக்கும்போது அவகாசம் மிகக் குறைவு. 31 கிலோமீட்டர் இடைவெளியில் ஒரு கருவி என்பது அந்த அவகாசத்தைவிடப் பெரியது. போதாக்குறைக்கு, பாதையோரக் கருவி பேரிங்கின் வெளிப்புறச் சூட்டைத்தான் அளக்கிறது. உள்ளே நிஜமாக எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஓஹயோவில் இரண்டாவது கருவி சொன்ன 103 டிகிரி நிலைமையைக் குறைத்தே காட்டியது என்பதுதான் விசாரணையின் முடிவு.

ஆகவே இப்போது சூட்டைத் தேடுவதை விட்டுச் சத்தத்தைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். வளையத்தில் ஒரு செதில் உதிர்ந்தால், ஒவ்வொரு உருளையும் அதைக் கடக்கும்போது ஒரு 'டக்' ஒலி எழும். சக்கரம் விநாடிக்கு ஆறேழு தடவை சுற்றும் வண்டியில் அந்த டக் ஓர் ஒழுங்கான தாளமாக வரும். எந்த வேகத்தில் எந்தத் தாளம் வந்தால் உள்வளையம், எது வந்தால் வெளிவளையம், எது உருளை என்று கணக்கே இருக்கிறது. தண்டவாளத்தின் இருபுறமும் மைக்ரோஃபோன் வைத்து, ஓடும் ரயிலின் இரைச்சலிலிருந்து இந்தத் தாளத்தைப் பிரித்தெடுக்கும் கருவிகளை இந்திய ரயில்வேயும் சில இடங்களில் அமைத்திருக்கிறது. சூடேறுவதற்குப் பல நாள் முன்பே, படலம் முழுதாகக் கிழிவதற்கு முன்பே, எஃகு முனகத் தொடங்கும் கட்டத்தில் பிடித்துவிடலாம் என்பது நம்பிக்கை. ஆனால் இத்தனை நீளப் பாதைகளுக்கு இந்தக் கருவிகள் எப்போது போதுமான எண்ணிக்கையில் வரும் என்பது வேறு கேள்வி. தானியங்கி சிக்னல்கள் பெருகி, நிலையங்கள் தள்ளித் தள்ளி அமையும் சரக்குப் பாதைகளில், நடுவில் கொடியோடு நிற்கும் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

மீதியிருக்கும் ஆட்களின் வேலை பெரிதாக மாறிவிடவில்லை. பெரிய நிலையத்தில் வண்டி நுழையும்போது 'கேரேஜ் அண்ட் வேகன்' பிரிவு ஊழியர்கள் நடைமேடையின் முனையில் நின்று, ஒவ்வொரு சக்கரத்தையும் காதால் கேட்கிறார்கள். நின்றதும் பெட்டி பெட்டியாக நடந்து அச்சுப் பெட்டிகளைத் தொட்டுப் பார்க்கிறார்கள். இப்போது கையில் துப்பாக்கி போன்ற வெப்பமானியும் உண்டு. பக்கத்துப் பெட்டியைவிட ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் சந்தேகம். சக்கரத் தட்டில் கிரீஸ் தெறித்த கறை இருந்தால் அதைவிடச் சந்தேகம். சீல் போய்விட்டது என்று அர்த்தம். சீல் போனால் எண்ணெய் வெளியே வரும், புழுதி உள்ளே போகும்.

ஓஹயோ விபத்துக்குப் பின் ஒரு வீடியோ வெளியாயிற்று. இரண்டாவது கருவி இருந்த சேலம் என்ற ஊரில் (பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்) ஒரு தொழிற்கூடத்தின் காவல் கேமரா எடுத்தது. இருட்டில் ரயில் கடந்து போகிறது. ஒரு பெட்டியின் அடியில் மட்டும் நெருப்பு ஒளிர்கிறது. தடம் புரள இன்னும் முப்பது கிலோமீட்டர் இருந்தது. கேமராவுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.